பிரனீஸ் மலையடியில் நான் அடைத்த மடை

செஞ்சி ராஜகிரிக் கோட்டைக்கு எந்த நேரத்தில் ஏறலாம், எத்தனை பாட்டில் தண்ணீர் வேண்டும் என்று இங்கே எழுதியிருந்தேன். அதற்குக் கீழே ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அடுத்த கோடையில் தென் பிரான்சுக்குப் போகிறோம். நீங்கள் அறுபதுகளில் அங்கே போனதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, பார்க்க என்ன இருக்கிறது?"

ஒரு வாய்க்கால் இருக்கிறது, அம்மா. ஆனால் நான் அதைப் பார்க்கப் போகவில்லை. லேகியம் கொண்டுபோனேன்.

அது 1966. எனக்கு இருபத்தொரு வயது. எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு, செஞ்சிக்கு வெளியே சிங்கவரத்தில் எங்கள் இரண்டு காணி நிலத்தில் நைனாவோடு நெல்லும் மல்லாட்டையும் பயிர் வைத்துக்கொண்டிருந்தேன். (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான்.) என் அக்கா பாஞ்சாலையைப் புதுச்சேரி மாசிலாமணி மாமாவுக்குக் கொடுத்திருந்தோம். மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்றதும் கூட வேலை செய்தவன் சொன்னான் என்று, தென் பிரான்சில் ஒரு மலையூரில் மலிவாக வந்த துண்டு நிலத்தை வாங்கி அங்கேயே தங்கிவிட்டார். அக்காவுக்கு முதல் பிரசவம். வீட்டு மனுஷர் ஒருவராவது பக்கத்தில் வேண்டும் என்று மாமா கப்பல் டிக்கெட்டே அனுப்பிவிட்டார்.

டிக்கெட் அம்மாவுக்குத்தான் வந்தது. அம்மா கடலைத் தாண்ட மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். நைனா என்னைப் பார்த்தார்.

"நீ போயிட்டு வாடா சேகரு. மருந்து கிண்டி குடுக்கறோம். கூடப் பொறந்தவன் கிட்ட இருந்தா அதுக்கு ஒரு தெம்பு இருக்குது இல்ல?"

பிரசவத்துக்கு ஆண்பிள்ளையை அனுப்பிய குடும்பம் செஞ்சி தாலுகாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். டிக்கெட்டில் பெயர் மாற்றி, பாஸ்போர்ட் வாங்கி முடிக்க இரண்டரை மாதம் ஆயிற்று. ஜூன் இரண்டாவது வாரம் கிளம்பினேன்.

பழைய கணக்கை அப்படியே சொல்கிறேன். செஞ்சியிலிருந்து திண்டிவனம் இருபத்தெட்டு கிலோமீட்டர், பஸ்ஸுக்கு எண்பத்தைந்து காசு. அங்கிருந்து ரயிலில் மதராஸ், மறுநாள் பம்பாய் ரயில். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தபடியே ஒன்றரை நாள். வெளிநாட்டுக்கு மூன்று பவுண்டு பணம் மட்டும் கொண்டுபோகலாம் என்று அப்போது சட்டம். பம்பாயிலிருந்து மார்செய் துறைமுகத்துக்குப் பதின்மூன்று நாள். பருவமழை தொடங்கிவிட்டிருந்ததால் ஏடன் வரைக்கும் படுக்கையை விட்டு எழவில்லை. சூயஸ் கால்வாயை மட்டும் மேல்தளத்தில் நின்று முழுதும் பார்த்தேன். மறுவருஷம் அதை மூடிவிட்டார்கள்.

மார்செயில் சுங்க அதிகாரி லேகிய டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து, விரலால் தொட்டு நக்கியும் பார்த்தார். சுக்கும் மிளகும் ஏறியிருக்கும். கண்ணில் நீரோடு டப்பாவை மூடிக் கொடுத்து, போ போ என்று கையைக் காட்டினார்.

மார்செயிலிருந்து பெர்ப்பிஞான் ஏறத்தாழ முந்நூற்றிருபது கிலோமீட்டர். காலை எட்டேகாலுக்கு ஏறிப் பகல் ஒன்றரைக்கு இறங்கினேன். அங்கே சின்ன ரயில் மாறி பிராத் என்ற ஊர், ஒரு மணி நேரம். அதற்கு மேல் ஏழு கிலோமீட்டருக்கு ஒரு தபால் வண்டி, ஒரு பிராங்க் இருபது. மாமா எழுதியிருந்த விலாசச் சீட்டை நீட்டியதும் வண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அந்தோஷின்?" என்றார். இந்தோசீனாக்காரனா என்று கேட்கிறார். நான் இல்லை என்று தலையை ஆட்டி, "செஞ்சி" என்றேன். "ஆ, செஞ்சி!" என்று ஏதோ பக்கத்து ஊரைக் கேட்டதுபோலச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் தெரியும். பிராத்தைச் சுற்றி அப்படிப்பட்ட ஊர்கள் நிறைய உண்டு. தெற்கே கனிகூ என்ற பெரிய மலை, ஜூலையிலும் உச்சிப் பள்ளங்களில் வெள்ளையாகப் பனி. அதன் காலடியில் நாற்பது வீடு. கல் சுவர், ஓட்டுக்கூரை, சதுரக் கோபுரத்தோடு ஒரு மாதா கோவில். சரிவெல்லாம் சாந்து வைக்காமல் அடுக்கிய கல் வரப்புகள். வரப்புக்கு வரப்பு பீச் மரமும் அவரையும் திராட்சையும்.

இவற்றுக்கெல்லாம் உயிர் அந்த வாய்க்கால். மலை ஆற்றிலிருந்து பிரிந்து, பாறையைக் குடைந்தும் சரிவை ஒட்டியும் ஆறு கிலோமீட்டர் வருகிறது. வெட்டி அறுநூறு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார்கள். முழங்கால் ஆழம், ஒரு தாண்டு அகலம், அவ்வளவுதான். ஒவ்வொரு நிலத்துக்கும் கரையில் ஒரு திறப்பு. அதை மூடச் சிலேட்டுக் கல்லில் பலகை மாதிரி ஒரு தட்டு. யார் எந்தக் கிழமை எந்த நேரம் தட்டை எடுக்கலாம் என்று சங்கம் எழுதிய பட்டியல் ஊர்மன்றக் கதவில் ஒட்டியிருக்கும். சங்கத்தில் முப்பது பேர்.

மாமாவின் பெயர் அதில் இல்லை. முன்பு அவர் நிலத்தில் வெறும் திராட்சைக்கொடி. அதற்குத் தண்ணீர் வேண்டாம் என்று அந்தக் காலத்து நிலத்துக்காரன் தண்ணீர் முறை கேட்காமலே விட்டுவிட்டான். வாய்க்கால் அவர் வரப்பை உரசிக்கொண்டுதான் போகிறது, ஒரு சொட்டு எடுக்க முடியாது. சேர்த்துக்கொள்ளச் சொல்லி மாமா மனு கொடுத்திருந்தார். அரைமணி நேரம் கேட்டிருந்தார். அதாவது முப்பது பேரும் வாரத்துக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் விட்டுக்கொடுக்கவேண்டும். ஜூலைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கூட்டம், அங்கே கை தூக்கி முடிவு செய்வார்கள். தண்ணீர் கிடைத்தால் அது நிலம். கிடைக்காவிட்டால் மாமாவின் பதினைந்து வருஷச் சம்பாத்தியம் வெறும் கல்மேடு.

"நல்லா பாத்து நடந்துக்க மச்சான்," என்று நான் போன அன்றே மாமா சொன்னார். "இங்க நம்மள யாரும் வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. இந்த ஒரு மாசம் ஒரு பேச்சு வரக்கூடாது."

பதினேழு நாள் எந்தப் பேச்சும் வரவில்லை.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை. மாமா நிலத்தில் சரிந்த கல் வரப்பை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணி அடித்ததும் வாய்க்கால் கரையோடு நடந்தேன். பாதி வழியில் ஒரு திறப்பு. தட்டு பக்கத்தில் சாய்ந்து கிடக்கிறது. தண்ணீர் கொட்டிக்கொண்டு அவரைத் தோட்டத்துக்குள் போகிறது. சுற்றிலும் பார்த்தேன். கூப்பிட்டும் பார்த்தேன். ஒரு ஆள் இல்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். சிங்கவரத்தில் ஏரித் தண்ணீர் முறை வந்தால், முறைக்காரன் மண்வெட்டியோடு மடையிலேயே நிற்பான். அவன் சாப்பிடப் போனால் தம்பி நிற்பான், தம்பி இல்லாவிட்டால் பெண்டாட்டி நிற்பாள். காவல் இல்லாத முறைத் தண்ணீர் என்று ஒன்று எங்கள் ஊரில் கிடையாது. ஆள் இல்லாமல் தண்ணீர் போனால் அது உடைப்பு. உடைப்பைப் பார்த்தவன், அது யார் நிலமானாலும், பகையாளி நிலமே ஆனாலும், அடைத்துவிட்டுத்தான் மேலே நடக்கவேண்டும். பார்த்துக்கொண்டே போனான் என்று பெயர் வந்தால் அவன் வீட்டு விசேஷத்துக்கு ஊர் வராது.

சாப்பாட்டுத் தூக்கை வைத்தேன். தட்டை எடுத்துப் பொருத்திப் பார்த்தேன், ஓரத்தில் கசிந்தது. புல்லோடு மண்ணைப் பெயர்த்து, மூன்று கல் அணை கொடுத்து, காலால் மிதித்து அடைத்தேன். ஒரு சொட்டு கசியவில்லை. ஊருக்கு ஒரு நல்லது செய்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது.

அது உடைப்பு இல்லை. முறை. ழோசெத் என்ற பெண்மணியின் முறை, வியாழன் பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரை. அவரைக்காய் பயிரிட்டுப் பிராத் சந்தையில் விற்பவர். அந்த ஊரில் பன்னிரண்டு மணிக்குத் தட்டை எடுத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். பட்டியல் கதவில் இருக்கும்போது தண்ணீருக்கு எதற்குக் காவல்? அறுநூறு வருஷமாக அப்படி. அன்று அவர் திரும்பி வந்து பார்த்தபோது பூவெடுத்த அவரைக்குப் பத்து நிமிடத் தண்ணீர்தான் பாய்ந்திருந்தது. அடுத்த முறை மறு வியாழன். அந்த வெயிலில் அதற்குள் பூவெல்லாம் உதிர்ந்துபோகும்.

அடைபட்ட தண்ணீர் வாய்க்காலோடு கீழே போய், அடுத்த நிலத்துக்காரர் ஆந்த்ரேயின் பீச் தோட்டத்தில் பாய்ந்திருந்தது. அவருடைய தட்டு பழசு, எப்போதும் கொஞ்சம் ஒழுகும். அவருக்கும் ழோசெத்துக்கும் ஏற்கெனவே ஒரு வேலித் தகராறு. அவர்தான் அடைத்தார் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அடுத்தவர் தண்ணீரை அடைத்தவன் தன் அடுத்த மூன்று முறைத் தண்ணீரை, பறிகொடுத்தவருக்குத் தரவேண்டும் என்பது சங்கத்தின் பழைய சட்டம். பீச் பழம் பருக்கும் நேரத்தில் மூன்று வாரம் தண்ணீர் இல்லையென்றால் ஆந்த்ரேக்கு அந்த வருஷம் போச்சு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மறுநாள் ரொட்டி வாங்கப் போன அக்கா இந்தக் கதையைக் கேட்டு வந்து எங்களிடம் சொன்னாள். "அக்கா, அத அடச்சது நான்தான்," என்றேன்.

மாமா கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

"வாய மூடிக்கினு இரு," என்றார். "ஞாயித்துக்கெழம முடியட்டும். அப்பறம் சொல்லிக்கலாம்."

"அப்பறம் சொன்னா அந்தாளு மரம் மறுபடி பச்சையாவுமா?" என்றாள் அக்கா.

"ஒனக்குத் தெரியாதா பாஞ்சால? இன்னிக்கி சொன்னா நமக்கு ஒரு கையும் தூக்கமாட்டானுங்க."

அக்காவுக்குத் தெரியும். அந்த நிலத்துக்காகத் தாலிக் கொடியைத் தவிர எல்லாவற்றையும் விற்றிருந்தாள். அவள் மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் நான் வாசற்படியைத் தாண்டவில்லை. என்னைவிட மாமா மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. அது நியாயமில்லாத கோபம் என்று இப்போது தெரிகிறது.

ஞாயிறு பூசை முடிந்து ஊர்மன்றத்தில் கூட்டம். முதலில் ஆந்த்ரே விவகாரத்தை எடுத்தார்கள். நல்ல உயரமான மனுஷர், தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார். நான் அடைக்கவில்லை என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டார்கள் என்று தெரிந்துபோன முகம் அது. தலைவர் சட்டப் புத்தகத்தைத் திறந்தார்.

எழுந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு நாலு வார்த்தை, அதில் ஒன்றுகூட இதற்கு உதவாது. தமிழிலேயே சொன்னேன்: "அவர் இல்லீங்க. அடச்சது நான்."

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா தரையைப் பார்த்தார். அப்போது எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள். நான் சொன்னதை அவர்கள் மொழியில் சொன்னாள். ஏன் அடைத்தேன், எங்கள் ஊரில் ஆள் இல்லாத தண்ணீருக்கு என்ன அர்த்தம், எல்லாம் நான் சொல்லச் சொல்ல அவள் சொன்னாள்.

வாய்க்கால்காரர் எழுந்தார். எங்கள் ஊரில் ஏரி மதகைத் திறந்து மூடும் ஆளைப்போல அங்கே சங்கம் சம்பளத்துக்கு வைத்திருந்தவர்.

"இன்னா வெச்சு அடச்சன்னு கேக்கறாரு," என்றாள் அக்கா.

"புல்லுக் கட்டி, மூணு கல்லு. அந்தத் தட்டு."

அவர் தலையாட்டினார். அதைப் பிரித்தெடுத்தவர் அவர்தான். சரியாகச் சொல்லிவிட்டதால் நான்தான் என்று முடிவாயிற்று. ஆந்த்ரே தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்படியானால் மூன்று முறைத் தண்ணீரை இந்தக் குடும்பம் தரவேண்டும்," என்றார் தலைவர். வாய்க்கால்காரர் சிரித்தார். இவர்களுக்கு முறையே கிடையாது, எதை எடுத்துத் தருவார்கள்? கூட்டமே சிரித்தது. மாமாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

சிரிக்காதவர் ழோசெத் ஒருவர்தான். எழுந்து மேசையைத் தட்டி ஏதோ கேட்டார். கூட்டம் அடங்கிவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"அவுங்களுக்கு மொற குடுங்கன்னு கேக்கறாங்கடா. 'எனக்கு என் மூணு தண்ணி வேணும். அவுங்ககிட்ட மொற இல்லன்னா நான் யார்கிட்ட போயி வாங்கறது? மொதல்ல அவுங்க பேர எழுதுங்க, அப்பறம் எனக்கு வாங்கிக் குடுங்க'ங்கறாங்க."

எங்கள் மேல் இரக்கப்பட்டு அவர் அதைக் கேட்கவில்லை. கோபம் அடங்காமல்தான் கேட்டார். ஆனால் சட்டம் சட்டம்தானே. தலைவர் புத்தகத்தைப் புரட்டினார், பக்கத்திலிருந்தவரோடு பேசினார், பிறகு கை தூக்கச் சொன்னார். பதினெட்டு கை எழுந்தது. ஆந்த்ரே தூக்கவில்லை. செய்யாத குற்றத்துக்கு மூன்று நாள் பேச்சு வாங்கியவர், ஒரு நிமிடத்தையும் ஏன் விடவேண்டும்? அதற்காக நான் அவரைக் குறை சொன்னதில்லை.

கிடைத்தது யாருக்கும் வேண்டாத நேரம்: சனிக்கிழமை உச்சிவெயிலில், பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரை. பட்டியலின் கடைசி வரியில் மாசிலாமணி என்று எழுதி, பக்கத்தில் 'முதல் மூன்றும் ழோசெத்துக்கு' என்று குறித்தார்கள்.

அந்த மூன்று சனிக்கிழமையும் ழோசெத்தின் மடையில் நான் மண்வெட்டியோடு நின்றேன். நிற்கவேண்டியதில்லை என்று அவர் சைகை காட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டாம் வாரம் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாம் வாரம் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து கரையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். பூவில் பாதி அந்த வியாழனோடு போய்விட்டது. மீதியில் காய் பிடித்தது.

மாமா அந்த மூன்று வாரமும் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் வாரம் வியாழனன்று பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம், லேகியம் வேலை செய்தது.

நாலாவது சனிக்கிழமை எங்கள் முறை. கோவில் மணி பன்னிரண்டு அடித்ததும் மாமாவே தட்டை எடுத்தார். புதிதாகக் கட்டிய வரப்புக்குள் தண்ணீர் போனது. காய்ந்த மண் சத்தத்தோடு குடித்தது. நான் வழக்கம்போல மண்வெட்டியை ஊன்றி நின்றேன். மாமா ஒரு நிமிடம் பார்த்தார், கையைக் கழுவினார்.

"வா மச்சான், சாப்பிடப் போலாம்."

"தண்ணி, மாமா?"

"அது பாட்டுக்கு ஓடும். வா."

திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். மாமா ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அக்டோபரில் ஊர் திரும்பினேன். செஞ்சிக் கோட்டைக்கு நான் பலரைக் கூட்டிப்போயிருக்கிறேன். கல்யாண மகாலின் மாடிகளுக்கு அந்தக் காலத்தில் குழாயில் தண்ணீர் ஏறியது என்று சொல்வார்கள். நானும் சொல்வேன், எல்லாரும் அண்ணாந்து பார்த்து ஆச்சரியப்படுவார்கள். அந்தக் குழாய் இன்று யார் தாகத்தையும் தீர்ப்பதில்லை. அந்த மலையூர் வாய்க்காலுக்கு டிக்கெட் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது; அவை வந்துவிடக்கூடாது என்றுதான் ஊரின் பெயரை எழுதவில்லை. அவரைக்குப் பாய்கிறது, ஆளுக்கு ஆள் சண்டை போடுகிறார்கள். பழமை என்றால் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இதற்காகக் கோட்டையை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று செஞ்சிக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மே, ஜூன் நல்லது. பனி உருகி வாய்க்கால் நிறைய ஓடும். பெர்ப்பிஞான் வரை ரயிலில் போய், பிராத்தில் தங்குங்கள். இப்போதைய கட்டணம் எனக்குத் தெரியாது, கேட்டுக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரை ஒரு அடி அகலம்தான், செருப்போடு நடக்காதீர்கள், ஷூ போடுங்கள். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கடை திறந்திருக்காது. சாப்பாட்டை முன்னாலேயே வாங்கிவிடுங்கள். எந்த ஊரானாலும் ஊர்மன்றக் கதவில் பட்டியல் ஒட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ஒன்றில் சனிக்கிழமை கடைசி வரியில் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கும். அந்த மூன்றாம் வாரம் அக்காவுக்குப் பிறந்தவளின் பெயர்.

சனிக்கிழமை உச்சிவெயிலில் அந்தப் பக்கம் நடந்தால், ஒரு திறப்பில் தட்டு சாய்ந்து கிடக்கும், தண்ணீர் ஆள் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். கை பரபரக்கும். தொடாதீர்கள். அது எங்கள் முறை.